அரிதான மடக்குக் கத்தி என்று எதைச் சொல்வது? முத்திரையா, வடிவமா, பிழைத்திருக்கும் அலகா?

சாணைக்கல்

பழைய மடக்குக் கத்திகளைப் பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் "அரிதான வடிவம்" என்ற சொல் அளவுக்கு மீறிப் புழங்குவதாக எனக்குத் தோன்றுகிறது. விற்பவர் சொன்னால் விளம்பரம் என்று கடந்துவிடலாம். சேகரிப்பாளர்களே ஒருவர் நிறுவனத்தின் பெயரை வைத்தும், இன்னொருவர் அலகுகளின் எண்ணிக்கையை வைத்தும், வேறொருவர் பிடியின் பொருளை வைத்தும் அரிது என்று முடிவு கட்டும்போதுதான் குழப்பம் வருகிறது. ஒரு கத்தியை அரிதானது என்று சொல்வதற்கு எது பொருத்தமான அளவுகோல்? அதன் பாகங்கள் எல்லாம் ஒரே கத்தியாகப் பிறந்தவைதானா என்பதை எப்படி உறுதிசெய்வது? இந்த இரண்டைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டு ஒன்று இருந்தால் பேச்சு காற்றில் போகாது என்பதால், அண்மையில் ஒரு கலப்புக் குவியலோடு என்னிடம் வந்த கத்தியை விவரிக்கிறேன். மூன்று அலகுகள், ஒரு முனையில் பெரிய அலகு, எதிர்முனையில் இரண்டு சிறிய பேனா அலகுகள். செதுக்கிய எலும்புப் பிடி, பித்தளை உள்தகடுகள், இரு முனைகளிலும் நிக்கல் சில்வர் பூண்கள். பெரிய அலகின் அடியில் நியூயார்க் நைஃப் கம்பெனி, வால்டன் என்ற முத்திரை தேய்ந்த நிலையில் தெரிகிறது. சிறிய அலகுகளில் முத்திரை எதுவும் கண்ணுக்குப் படவில்லை. பெரிய அலகு பலமுறை சாணை பிடிக்கப்பட்டது. சிறியவற்றில் ஒன்று நன்றாகத் தேய்ந்திருக்கிறது, மற்றது ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. அலகுகளில் சாம்பல் நிறப் படலமும், மூட்டுகளின் அருகே சிறிது செந்துருவும் உண்டு. துடைப்பதற்கு முன் கேட்டுவிடலாம் என்று அப்படியே வைத்திருக்கிறேன்.

இரட்டைவில்

நீங்கள் விவரிப்பது விட்லர் என்ற வடிவமாக இருக்கலாம், ஆனால் மூன்று அலகுகள் இருப்பதாலேயே ஒரு கத்தி விட்லர் ஆகிவிடாது. ஸ்டாக்மேன் என்ற வடிவத்துக்கும் மூன்று அலகுகள்தான். வேறுபாடு உள்ளே இருக்கிறது. விட்லரில் பெரிய அலகு இரண்டு விற்களின் மீதும், அதாவது அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் இறுக்கி நிறுத்தும் முதுகுப் பக்க எஃகுப் பட்டைகளின் மீதும், ஒருசேர அமர்கிறது. எதிர்முனையில் உள்ள சிறிய அலகுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு வில்லின் மீது மட்டும் அமர்கின்றன. இதற்காகவே இரண்டு விற்களுக்கும் இடையில் உள்ள நடுத்தகடு சிறிய அலகுகளின் பக்கம் தடித்தும், பெரிய அலகின் பக்கம் ஆப்பு முனை போல மெலிந்தும் வரும்படி செய்யப்படுகிறது. மரம் சீவுகிறவர் கட்டைவிரலால் அழுத்தும் விசை முழுவதையும் பெரிய அலகு தாங்கவேண்டும் என்பதால் இரண்டு விற்களின் பலம் அதற்குத் தரப்பட்டிருக்கிறது. பழைய கத்தித் தொழிலாளர்களின் அறிவைப் பார்த்து நான் வியக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த அமைப்பு உங்கள் இரண்டாவது கேள்விக்கும் உதவும். பெரிய அலகின் அடிப்பகுதி இரண்டு விற்களின் மொத்தத் தடிமனுக்குச் சமமாக இருந்தாகவேண்டும். வேறு கத்தியிலிருந்து கழற்றி மாட்டிய அலகு பெரும்பாலும் ஒற்றை வில்லுக்காகச் செய்யப்பட்டதாக இருக்கும். அது இங்கே வந்து உட்கார்ந்தால் பக்கவாட்டில் ஆடும், அல்லது ஆடாமல் இருப்பதற்காக இடையில் மெல்லிய பித்தளை வளையம் செருகப்பட்டிருக்கும். அலகைத் திறந்து வைத்துவிட்டு முதுகுப் பக்கமிருந்து நோக்குங்கள். விற்களும் அலகின் அடியும் ஒரே தளத்தில் இழைந்து நிற்கின்றனவா? மூடிய நிலையிலும் அதையே பாருங்கள். பிறகு பூண்களின் மேற்பரப்பைச் சாய்ந்த ஒளியில் ஆராயுங்கள். அலகின் அச்சாணி பூணோடு சேர்த்து அடித்துத் தேய்த்து மெருகேற்றப்பட்டிருந்தால் அதன் வட்டம் கண்ணுக்கே தெரியாது. ஒரு காலத்தில் யாராவது ஆணியைத் தட்டி வெளியே எடுத்திருந்தால் மெல்லிய வளையம் போன்ற கோடு தெரியும். பழைய கத்தியில் காலப்போக்கில் தானாகவும் அந்தக் கோடு தோன்றுவதுண்டு. ஆகவே ஒரு முனையில் மட்டும் தெரிகிறதா, இரண்டிலுமா என்பதைக் குறித்துக்கொண்டு சொல்லுங்கள்.

சிறிய அலகுகளில் முத்திரை இல்லாததை வைத்து மட்டும் ஐயப்படவேண்டாம். பெரிய அலகில் மட்டும் பெயரைப் பொறித்துவிட்டு நிறுத்திக்கொள்வது பல தொழிற்சாலைகளின் வழக்கம்.

கருங்காலி

நான் முத்திரையிலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் வடிவங்களுக்கு உரிமையாளர் கிடையாது. பார்லோ வடிவம் இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரமான ஷெஃபீல்டில் பிறந்தது, பிறகு அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் எத்தனையோ தொழிற்சாலைகள் அதைச் செய்தன. முத்திரை ஒன்றுதான் இடத்தையும் காலத்தையும் ஒருங்கே சொல்கிறது. நியூயார்க் நைஃப் கம்பெனி 1852இல் நியூயார்க் மாநிலத்தின் மட்டேவானில் தொடங்கி, 1856இல் வால்டனுக்கு இடம்பெயர்ந்து, 1931இல் மூடப்பட்டது. ஆக, உங்கள் முத்திரை உண்மையானால் அந்த அலகு 1931க்கு முந்தையது. அதே நிறுவனத்தின் சுத்தியல் இலச்சினையைப் பிற்பாடு இம்பீரியல் நிறுவனம் மலிவான கத்திகளில் பயன்படுத்தியது என்பதையும் நினைவில் வையுங்கள். சுத்தியலைக் கண்டவுடன் வால்டன் என்று மகிழ்ந்துபோனவர்கள் நம்மிடையே உண்டு.

முத்திரையின் வலிமைக்கு அமெரிக்கக் கத்தி நிறுவனமான கேஸைவிடச் சிறந்த சான்று இல்லை. 1920 முதல் 1940 வரை "கேஸ் டெஸ்டட் எக்ஸ்எக்ஸ்", 1940 முதல் 1964 வரை "கேஸ் எக்ஸ்எக்ஸ்", 1965 முதல் 1969 வரை அதனோடு யுஎஸ்ஏ என்ற எழுத்துகள். 1970இல் பெயருக்குக் கீழே 10 புள்ளிகள் இட்டார்கள். ஆண்டுக்கு ஒரு புள்ளியாக நீக்கிக்கொண்டே வந்ததால் 1979இல் ஒரே ஒரு புள்ளி எஞ்சியது. அலகைப் பார்த்தே ஆண்டைச் சொல்லிவிட முடிகிறது என்ற இந்த வசதிதான், கத்தியை வெறும் கருவியாக வைத்திருந்த பலரையும் சேகரிப்பாளர்களாக மாற்றியது என்பது என் கருத்து.

வடிவ எண்ணும் அலகிலேயே இருக்கிறது. 6254 என்று பொறித்திருந்தால் 6 பிடியின் பொருளையும், 2 அலகுகளின் எண்ணிக்கையையும், 54 டிராப்பர் என்ற வடிவத்தையும் குறிக்கும். 5254 என்றால் அதே டிராப்பர், மான்கொம்புப் பிடியில். இவ்வளவு தெளிவான சான்று இருக்கும்போது வேறு அளவுகோலைத் தேடுவது ஏன்?

பழம்பிடி

கருங்காலி அவர்கள் எடுத்துக்காட்டிய அதே எண்ணை வைத்தே நான் மாறுபடுகிறேன். கேஸ் நிறுவனத்தின் 6 என்ற முதல் எண் பச்சை எலும்பையும் குறித்திருக்கிறது, சிவப்பு எலும்பையும் குறித்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எலும்பு கிடைக்காதபோது பயன்படுத்திய, ரஃப் பிளாக் என்று நாம் சொல்லும் கரடுமுரடான கருப்புச் செயற்கைப் பிடியையும் குறித்திருக்கிறது. பிற்காலத்தில் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கையும் குறித்திருக்கிறது. எண் ஒன்று, கத்திகள் நான்கு. முத்திரையும் எண்ணும் ஒன்றாகவே இருக்க, பிடியின் நிறமும் பொருளும் சேர்ந்தே ஒன்றைச் சாதாரணமாகவும் இன்னொன்றைத் தேடப்படுவதாகவும் ஆக்குகின்றன. எனவே அரிது என்பது தனி முத்திரையிலோ தனி வடிவத்திலோ இல்லை, குறிப்பிட்ட வடிவம் குறிப்பிட்ட பிடியோடும் குறிப்பிட்ட காலத்து முத்திரையோடும் கூடி நிற்கும் சேர்க்கையில்தான் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதுமட்டும் அல்ல. எத்தனை செய்யப்பட்டன என்ற கேள்வியையே நாம் பெரிதாக்குகிறோம். எத்தனை பிழைத்தன என்று கேட்பதில்லை. முத்துச்சிப்பிப் பிடியுள்ள சிறிய பேனாக் கத்திகள் குறைவாகத்தான் செய்யப்பட்டிருக்கும், ஆனால் அவை பரிசுப் பொருள்களாகவும் கடிகாரச் சங்கிலியின் அணிகளாகவும் இருந்ததால் பெட்டிக்குள் படுத்தே காலத்தைக் கழித்தன. அவற்றில் கணிசமானவை முழு அலகோடு இன்றும் கிடைக்கின்றன. மாறாக, பருத்திப் பொதியை அறுத்து மாதிரி எடுக்கப் பயன்பட்ட அகன்ற ஒற்றை அலகுக் கத்தியையும், கயிறு அறுப்பவர் கையில் இருந்த கனமான சன்ஃபிஷ் கத்தியையும் பாருங்கள். சேகரிப்பாளர்கள் யானைக் கால்நகம் என்று செல்லமாக அழைக்கும் இந்த சன்ஃபிஷ் வடிவத்தைப் பல தொழிற்சாலைகள் செய்தன. வேலைக்காரர் கையில் இருந்த கத்தி என்பதால் நாள்தோறும் சாணைக்குப் போனது, முனை ஒடிந்தது, நெம்புகோலாக வளைக்கப்பட்டது, கடைசியில் தூக்கி எறியப்பட்டது. அந்த வகையில் ஒன்று முழு அலகோடு கிடைத்தால் அது எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் என் கணக்கில் அரிதுதான்.

மருத்துவர் கத்தியும் இப்படிப்பட்டதே. நீண்டு ஒடுங்கிய உடல், அதன் ஒரு முனையில் மாத்திரையைப் பொடியாக்கத் தட்டையான உலோக முகம், மருந்தைக் கலக்கச் சட்டுவம் போன்ற அலகு. தொழில் மாறியதும் அந்த வடிவத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. கால்நடைகளுக்கு இரத்தம் வடிக்கப் பயன்பட்ட ஃபிளீம், எழுதிய மையைச் சுரண்டி அழிக்க அலகு வைத்திருந்த அலுவலகக் கத்தி எல்லாம் அதே வழியில் போனவை. வடிவத்தைப் பிடித்துச் சேகரிப்பவருக்கு, யார் எதற்காக இதை மடக்கிப் பையில் வைத்திருந்தார் என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. முத்திரையை மட்டும் சேர்ப்பவருக்கு அது கிடைப்பதில்லை.

கருங்காலி

அழகான வாதம்தான். ஆனால் பிழைத்த எண்ணிக்கை யாருக்கும் தெரியாது, அதைக் கணக்கிடவும் வழியில்லை. முத்திரையைப் படிக்கலாம், எண்ணைப் படிக்கலாம். பழம்பிடி அவர்கள் சொல்வது அனுபவத்தின் மதிப்பீடு, சான்று அன்று. மேலும், அரிதாக இருப்பது வேறு, தேடப்படுவது வேறு. யாருக்குமே வேண்டாத விநோதச் சேர்க்கைகள் பழைய தொழிற்சாலைப் பட்டியல்களில் நிறைய இருக்கின்றன. அவை அரியவை, ஆனால் ஒருவரும் கேட்பதில்லை.

நகக்குழி

இருவருடைய வாதத்திலும் ஒரு பொது எடுகோள் இருக்கிறது: கத்தி உண்மையானது என்பது. நான் அங்கேயே நிற்கிறேன்.

முத்திரையைப் பொறிப்பதற்கு ஓர் அச்சுளியும் சுத்தியலும் போதும். நன்கு பழகிய கை இருந்தால் மலிவான கத்தியின் முத்திரையைத் தேய்த்தெடுத்துவிட்டு விலையுயர்ந்த பெயரைப் பொறித்துவிடலாம். அப்படித் தேய்த்த இடத்தில் அலகின் அடிப்பகுதி சற்றே மெலிந்திருக்கும்; மூட்டில் உள்தகட்டுக்கும் அலகுக்கும் இடையே ஒளி ஊடுருவும். இன்னொரு வகைப் போலியில், உண்மையான முத்திரையுள்ள பழைய அடிப்பகுதியை வைத்துக்கொண்டு, தேய்ந்துபோன அலகை வெட்டிவிட்டு முழு அலகு ஒன்றை ஒட்டவைக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முத்திரைக்குச் சற்று மேலே மெருகின் வரிகள் திசை மாறும் கோடு ஒன்று தெரியும். உலோகத்தின் நிறமும் அங்கே லேசாக மாறலாம்.

இதனால்தான் முத்திரையோடு பொருள்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும் என்கிறேன். டெல்ரின் 1960இல்தான் வணிகத்துக்கு வந்தது. 1930களின் முத்திரையுள்ள கத்தியில் டெல்ரின் பிடி இருந்தால், பிடி மாற்றப்பட்டதா முத்திரை பொய்யா என்பது மட்டுமே மீதிக் கேள்வி. உண்மையான எலும்பில் நுண்ணிய துளைகளும் கருத்த இழைக் கீற்றுகளும் பூதக்கண்ணாடியில் தெரியும். டெல்ரினில் அவை இருக்காது. துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913இல். அதற்கு முந்தையது என்று சொல்லப்படும் ஆங்கிலக் கத்தியின் அலகில் "ஸ்டெயின்லெஸ்" என்று இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் செய்த குண்டுக் கத்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். தோட்டா வடிவ இலச்சினை பிடியில் பதித்த ஆர்1123 பெரிய டிராப்பர் வடிவம். ரெமிங்டன் எண்களில் பிடியின் பொருளைச் சொல்வது கடைசி இலக்கம். கேஸ் முறைக்கு நேர் எதிர். 3 எலும்பு, 6 மான்கொம்பு, 8 கொக்கோபோலோ மரம். ஆகவே ஆர்1123, ஆர்1128 இரண்டும் ஒரே உடல், வேறு உடை. பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த கத்தித் தொழில் 1940இல் முடிவுக்கு வந்தது. 1982 முதல் ரெமிங்டன் பெயரிலேயே ஆண்டுதோறும் மறுபதிப்புகள் வெளியிடப்பட்டன, அதில் முதலாவது ஆர்1123 தான். அவை போலிகள் அல்ல, வெளிப்படையான மறுபதிப்புகள். அவற்றுக்கும் தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு. ஆனால் அதே எண்ணைக் கண்டு பழையது என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு.

சாணைக்கல்

விரிவான பதில்களுக்கு நன்றி. ஆங்கிலக் கத்திகளில் "இங்கிலாந்து" என்ற சொல் பொறிக்கப்படாமல் இருந்தால் 1891க்கு முந்தையது என்று பல இடங்களில் படிக்கிறேன். இதை நம்பலாமா?

நகக்குழி

பாதியளவுக்கு நம்பலாம். அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890இல் இயற்றப்பட்டது; அதன்படி 1891 முதல் அந்த நாட்டுக்குள் வரும் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றாயிற்று. ஆனால் அது அமெரிக்கச் சந்தைக்குப் போன சரக்குக்கு மட்டுமே பொருந்தும். உள்நாட்டிலோ வேறு நாடுகளிலோ விற்ற ஷெஃபீல்டு கத்திக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது என்று சொல்லலாம். இல்லாததை வைத்து முந்தையது என்று சொல்லக்கூடாது.

ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனக் கத்திகளில் மகுடத்தோடு வரும் அரச எழுத்துகளுக்கும் இதே தருக்கம்தான். வி, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் அது 1837க்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது, ஏனென்றால் விக்டோரியா அரியணை ஏறியதே அந்த ஆண்டில்தான். இத்தகைய அடையாளங்கள் கத்தியின் கால எல்லையில் ஒரு பக்கத்தை மட்டுமே அடைக்கின்றன. மறுபக்கத்தை வேறு சான்றால் அடைக்கவேண்டும்.

இரட்டைவில்

இதோடு ஜெர்மனியின் கத்தித் தொழில் நகரமான சோலிங்கனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் சோலிங்கனில் செய்த கத்திகள் ஷெஃபீல்டு பெயரோடு சந்தைக்கு வருகின்றன என்று ஆங்கிலேயக் கத்தித் தொழிலாளர்கள் இடைவிடாது முறையிட்டார்கள். 1887இல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்ததற்கு அந்த முறையீடும் ஒரு காரணம். ஆக, ஷெஃபீல்டு என்று பொறித்த பழைய கத்தி எல்லாம் ஷெஃபீல்டில் பிறந்தது என்று கொள்ளமுடியாது. போலி முத்திரை நம் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. நூறாண்டுப் பழமையான போலியும் இன்று சேகரிப்புப் பொருள்தான் என்பது இந்தத் துறையின் வேடிக்கைகளில் ஒன்று.

சோலிங்கன் பெயருக்கு 1938இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. அதன்பிறகு அந்தப் பகுதியில் செய்யாத கத்திக்கு அந்தப் பெயரை இடக்கூடாது.

எண்ணெய்த்துளி

கத்தியைத் துடைப்பது பற்றிய கேள்விக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. படலமும் துருவும் ஒன்றல்ல. கார்பன் எஃகில் காலப்போக்கில் படியும் சாம்பல், நீலம், கருப்பு நிறப் படலம் அலகைக் காக்கும் போர்வை, அதை எடுக்கக்கூடாது. செந்துரு உயிரோடு இருக்கும் நோய். அது முத்திரையின் விளிம்பையும் வில்லின் முகத்தையும் அரித்துக்கொண்டே போகும். எனவே கனிம எண்ணெயில் ஊறவிட்டு, மரக்குச்சியாலோ மென்மையான வெண்கல இழையாலோ துருவை மட்டும் தளர்த்தி எடுத்து, மூட்டுகளில் இருக்கும் பழைய அழுக்கை எண்ணெயோடு வெளியே வரச்செய்து, பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். சுழலும் மெருகுச் சக்கரத்தின் பக்கம் கத்தியைக் கொண்டுபோகவே வேண்டாம். அது ஒரு நொடியில் நகக்குழியின் (அலகைத் திறக்க நகத்தை மாட்டும் பள்ளத்தின்) கூரான விளிம்பை மழுக்கிவிடும், முத்திரையின் ஆழத்தைக் குறைத்துவிடும், பூணுக்கும் எலும்புக்கும் இடையே படி போன்ற பள்ளத்தை உண்டாக்கிவிடும்.

பாதுகாப்பைப் பற்றி இன்னும் முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் குவியலில் செல்லுலாய்டுப் பிடியுள்ள கத்தி ஏதாவது இருந்தால் அதை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். செல்லுலாய்டு என்பது செல்லுலோஸ் நைட்ரேட்டோடு கற்பூரம் சேர்த்துச் செய்த பொருள். அது சிதையத் தொடங்கினால் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடும். அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி முதலில் தன் சொந்த அலகையும், பிறகு அதே பெட்டியில் இருக்கும் அண்டைக் கத்திகளையும் அரிக்கும். பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் கற்பூர நெடியோ புளித்த நெடியோ வந்தால், பிடியின் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், அண்டைக் கத்திகளின் அலகில் காரணமில்லாமல் துரு பூத்தால் அது தொடங்கிவிட்டது என்று பொருள். ஒளி ஊடுருவும் ஆமையோட்டு நிறமும், மஞ்சள் நிறமும், வண்ண வரிகளும் கொண்ட பிடிகளை நான் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன். காற்றோட்டமான, குளிர்ச்சியான இடத்தில் திறந்து வைப்பது தவிர வேறு மருந்து இல்லை. செல்லுலாய்டா என்று அறிய ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் பழைய முறையைத் தயவுசெய்து கைக்கொள்ளாதீர்கள். அது எளிதில் தீப்பற்றும் பொருள்.

தோல் உறையிலும் தோல் சுருட்டிலும் நெடுநாள் வைக்கவேண்டாம். தோலைப் பதப்படுத்தும் வேதிப்பொருள்கள் பித்தளையிலும் நிக்கல் சில்வரிலும் பச்சைக் களிம்பை ஏற்றும்.

பழம்பிடி

எண்ணெய்த்துளி அவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் இந்தக் கத்தியில் வெண்கல இழையும் இப்போது வேண்டாம். உண்மையானதா என்ற ஆய்வு முடியாத வரை மூட்டில் இருக்கும் அழுக்குகூடச் சான்றுதான். அச்சாணியைச் சுற்றி நூறாண்டு அழுக்கு உடையாமல் இறுகிக் கிடந்தால் அந்த அலகு அண்மைக் காலத்தில் கழற்றப்படவில்லை என்று அது சொல்லும். முதலில் பார்த்து, படம் எடுத்து, அளந்து முடித்துவிட்டு எண்ணெய் விடுங்கள்.

எண்ணெய்த்துளி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாதம் ஆய்வு செய்கிறேன் என்று செந்துருவை வளர்த்துவிடாதீர்கள்.

இரட்டைவில்

அரிய வடிவங்களை எங்கே, எப்படித் தேடுவது என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர்பெற்ற முத்திரைகளை எல்லாரும் தேடுகிறார்கள். கொஞ்சம் ஒதுங்கியிருப்பவை இரும்புப் பொருள் மொத்த வணிகர்கள் தங்கள் பெயரில் செய்வித்து விற்ற கத்திகள். செயின்ட் லூயிசில் இருந்த சிம்மன்ஸ் நிறுவனத்தின் கீன் கட்டர், அதே நகரத்து ஷாப்லியின் டயமண்ட் எட்ஜ் போன்றவை அவற்றில் புகழ்பெற்றவை. அவற்றை விடச் சிறிய வணிகர்களின் பெயர்கள் எத்தனையோ. முத்திரையில் வணிகரின் பெயர் இருக்கும். செய்தது வால்டனில் இருந்த ஏதாவது ஒரு தொழிற்சாலையாகவோ வேறொன்றாகவோ இருக்கும். எலும்பைச் செதுக்கிய முறை, இலச்சினையின் வடிவம், நகக்குழியின் நீளம், பூணில் உள்ள வரிகள் ஆகியவற்றை ஒப்பிட்டுச் செய்தவரைக் கண்டுபிடிப்பது தனி இன்பம். இதற்குப் பழைய தொழிற்சாலைப் பட்டியல்களின் மறுஅச்சுகளைப் போல உதவுவது வேறு எதுவும் இல்லை. ஒரு வடிவம் எந்தெந்தப் பிடிகளில் விற்கப்பட்டது என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க சான்று அங்கேதான் இருக்கிறது. எனினும் பட்டியலில் இல்லாத சேர்க்கை பொய் என்று தீர்ப்பளிக்கவும் கூடாது. மீந்துபோன பாகங்களைச் சேர்த்துத் தொழிற்சாலையே கத்தி செய்து அனுப்பியதுண்டு.

கலப்புக் குவியல்களில் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது அலகை அல்ல, மூடிய கத்தியின் உடல்கோட்டை. முதுகு உட்குழிந்து இரு முனையும் உயர்ந்திருந்தால் காங்கிரஸ். வில் நடுவில் மறைந்து இரு விளிம்பிலும் அலகுகள் திறந்தால் லாப்ஸ்டர். துப்பாக்கிக் கட்டையைப் போல ஒரு முனையில் படி இறங்கினால் கன்ஸ்டாக். அலகுகள் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தாலும் உடல்கோடு மறையாது. படத்தில் மங்கலாகத் தெரியும் குவியலிலும் அது தனித்துத் தெரியும். விற்பவருக்கு வடிவத்தின் பெயர் தெரியாத நேரங்களில் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதுதான்.

கருங்காலி

வாங்குமுன் பிடியின் பொருளையும் கேட்டுக்கொள்ளுங்கள். யானைத் தந்தமும் ஆமையோடும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. எல்லை கடந்து வரும் பொதியில் அவை இருந்தால், கத்தி எவ்வளவு பழையதாக இருந்தாலும் உரிய ஆவணம் இல்லாமல் சிக்கல்தான். பொத்தானை அழுத்தித் திறக்கும் கத்திகளுக்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

சாணைக்கல்

நீங்கள் சொன்னபடி ஆராய்ந்து முடித்துவிட்டேன். பெரிய அலகின் அடி இரண்டு விற்களின் மீதும் சமமாக அமர்கிறது. திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் முதுகில் விரலை ஓட்டினால் தடையே இல்லை. ஒளி ஊடுருவும் இடைவெளியும் இல்லை. முத்திரைக்கு மேலே மெருகின் வரிகள் அறுபடாமல் தொடர்கின்றன. அந்த முனையின் பூணில் வளையக்கோடு எதுவும் இல்லை, மூட்டில் அழுக்கு கல்லாக இறுகியிருக்கிறது.

எதிர்முனையில்தான் வேறுபாடு. பூணின் இரு பக்கங்களிலும் மெல்லிய வளையக்கோடு தெரிகிறது. இரண்டு சிறிய அலகுகளையும் பக்கம் பக்கமாக வைத்து அளந்தபோது, தேய்ந்த அலகின் நகக்குழி நீண்டு அடிப்பகுதிக்கு அருகில் தொடங்குகிறது. முழுமையாக இருக்கும் அலகின் நகக்குழி குட்டையாகவும் முனையை நோக்கித் தள்ளியும் இருக்கிறது. மூடியிருக்கும்போது இந்த இரண்டாவது அலகின் முதுகு மற்றதைவிடச் சற்று உயர்ந்தும் நிற்கிறது.

நகக்குழி

அப்படியானால் முழுமையாக இருக்கும் அந்தச் சிறிய அலகுதான் பின்னர் வந்தது. விட்லரில் இரண்டு சிறிய அலகுகளும் ஒரே அச்சாணியில்தான் சுழல்கின்றன. ஒன்றை மாற்றவேண்டுமானாலும் அந்த ஆணியை வெளியே எடுத்தாகவேண்டும். வளையக்கோடு அந்த முனையில் மட்டும் இருப்பது அதோடு பொருந்துகிறது. மற்ற இரண்டும் பிடியும் விற்களும் ஒன்றாகப் பிறந்தவை என்றே கொள்வேன்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். ஏமாற்ற நினைப்பவர் முத்திரையுள்ள பெரிய அலகை மாற்றியிருப்பார், ஏனென்றால் விலையைத் தீர்மானிப்பது அது. சிறிய அலகை மட்டும் மாற்றியிருப்பதால், ஒடிந்த அலகோடு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, கையில் கிடைத்த வேறு அலகைப் பொருத்தி வாங்கிக்கொண்ட யாரோ ஒருவரின் வேலையாகவே தோன்றுகிறது. மாற்றிய அலகின் மீது படிந்திருக்கும் படலம் மற்றவற்றின் நிறத்தையே ஒத்திருந்தால் பழுது பார்த்ததும் பழைய காலத்திலேயே நடந்திருக்கவேண்டும்.

சாணைக்கல்

நிறம் ஒத்திருக்கிறது. மூட்டின் அருகே மட்டும் மாற்றிய அலகு சற்று வெளிறியது.

பழம்பிடி

அப்படியானால் வைத்துக்கொள்ளுங்கள். தரவரிசையில் இது மேலே போகாது, விற்க நினைத்தால் அலகு மாற்றப்பட்டதை வெளிப்படையாகச் சொல்லியாகவேண்டும். ஆனால் மெலிந்துவரும் நடுத்தகடும், இரண்டு விற்களில் அமரும் பெரிய அலகும் சிதையாமல் இருக்கும் வால்டன் விட்லரைக் கையில் வைத்துப் பயில்வதற்கு இதைவிட நல்ல மாதிரி உங்களுக்கு எளிதில் கிடைக்காது. மாற்றிய அலகைக் கழற்றி வேறொன்றைத் தேடி மாட்டும் எண்ணம் வந்தால் கைவிடுங்கள். அந்தப் பழைய எலும்பு இன்னொரு முறை ஆணி அடிப்பதைத் தாங்குமா என்பது ஐயம்.

கருங்காலி

எந்தச் சிறிய அலகு மாற்றப்பட்டது, எந்தப் பூணில் வளையம் இருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கத்தியோடு வையுங்கள். சீட்டின் காகிதம் அமிலமற்றதாக இருக்கட்டும், கத்தியின் மீது படாமல் இருக்கட்டும். பிறகு எண்ணெய்த்துளி அவர்கள் சொன்ன எண்ணெய்.